டாக்டரம்மா பதில்கள்: ஊசி ஒருவருக்குப் போட்டால் போதுமா?

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பெயர் இல்லாதவை. பெயர் இல்லை என்றாலே விஷயம் என்னவென்று எனக்குத் தெரிந்துவிடும். முடி உதிர்வதையும் மூட்டு வலியையும் எழுதுகிறவர்கள் கதவு எண் முதல் பின்கோடு வரை எழுதுகிறார்கள். ஆகவே சர்க்கரை, தைராய்டு கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு, இந்த இதழை முழுவதும் பால்வினை நோய்களுக்கு ஒதுக்கிவிட்டேன். ஊர்ப் பெயர்களைச் சற்று மாற்றியிருக்கிறேன். பக்கத்து வீட்டாரை யாரும் சந்தேகப்பட வேண்டாம்.

கேள்வி: விசைப்படகில் வேலை செய்கிறேன். வயது 33. நான்கு மாதங்களுக்கு முன் ஆணுறுப்பில் ஒரு புண் வந்தது. வலியே இல்லை. மருந்து எதுவும் போடாமல் ஒரு மாதத்தில் ஆறிவிட்டது. இப்போது உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் செம்பு நிறத்தில் புள்ளிகள். அரிப்பு இல்லை. மனைவி ஐந்து மாதக் கர்ப்பிணி. ஆரம்பச் சுகாதார நிலையத்தில் அவளுக்கு இரத்தம் எடுத்ததில் 'வி.டி.ஆர்.எல். ரியாக்டிவ்' என்று வந்திருக்கிறதாம். ஊசி போட வரச் சொல்கிறார்கள். அவளுக்கு ஊசி போட்டுவிட்டால் நோய் போய்விடும் அல்லவா? நான் எதையும் சொல்லாமல் இருந்துவிடலாமா? (பாம்பன் பக்கம்)

பதில்: முடியாது, தம்பி. நீங்கள் இப்படி இருந்துவிட்டால் அவருக்குப் போடும் ஊசி வீண்.

உங்கள் கடிதத்தைப் படித்தால் சிபிலிஸ் நோயைப் பற்றிய பாடம் போலவே இருக்கிறது. உங்கள் மனைவிக்கு எடுத்த வி.டி.ஆர்.எல். இந்த நோய்க்கான இரத்தச் சோதனைதான். இங்கே பெரியவர்கள் மேகப்புண் என்றும் கிரந்தி என்றும் சொல்வார்கள். கிருமி உள்ளே போய் மூன்று வாரம் வாக்கில், சிலருக்கு மூன்று மாதம் வரைகூடத் தள்ளி, அது நுழைந்த இடத்தில் வலியில்லாத ஒரு புண் வரும். அது தானாகவே ஆறும். வலித்திருந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்கு ஓடியிருப்பீர்கள். புண் ஆறியபோது நோயும் போய்விட்டது என்று நினைத்தீர்கள். அதற்குள் கிருமி இரத்தத்தில் கலந்து உடம்பு முழுக்கப் பரவிவிட்டது. உள்ளங்கையில் வந்திருக்கும் புள்ளிகள் இரண்டாம் கட்டத்தின் அடையாளம். இதுவும் சில வாரங்களில் தானாகவே மறையும். அப்போதும் 'சரியாகிவிட்டது' என்று நினைப்பீர்கள். அதன்பிறகு ஆண்டுக்கணக்கில் ஒன்றும் தெரியாமல் உள்ளேயே இருந்து, சிலருக்கு இருதயத்தின் பெரிய இரத்தக்குழாயையும், சிலருக்கு மூளை நரம்புகளையும் கெடுக்கும். கண்ணும் காதும் எந்தக் கட்டத்திலும் பாதிக்கப்படலாம். பார்வை மங்கினாலோ காது மந்தமானாலோ அதை முதலில் டாக்டரிடம் சொல்லுங்கள்.

இவ்வளவையும் சொல்லிப் பயமுறுத்திவிட்டு நல்ல செய்தியைச் சொல்லாமல் விடக்கூடாது. இதற்கு மருந்து 1943-லேயே கிடைத்துவிட்டது. அமெரிக்காவில் ஜான் மஹோனி என்ற மருத்துவர் நான்கு நோயாளிகளுக்குப் பென்சிலின் கொடுத்துப் பார்த்தார். புண் ஆறியது. எண்பது ஆண்டுகள் கழிந்தும் இந்தக் கிருமி பென்சிலினை எதிர்க்கக் கற்றுக்கொள்ளவில்லை. மற்ற கிருமிகளெல்லாம் மருந்துக்கு மருந்து தப்பிக்கும் காலத்தில் இது எனக்கு ஆச்சரியமாகவே இருக்கிறது. உங்கள் கட்டத்துக்கு பென்சத்தீன் பென்சிலின் 24 லட்சம் யூனிட், ஒரே தடவை. பாதியை ஒரு புட்டத்திலும் பாதியை மறு புட்டத்திலும் போடுவார்கள். பால் போலக் கெட்டியான மருந்து. ஊசியிலேயே அடைத்துக்கொள்ளும். போட்டால் வலிக்கும், நன்றாகவே வலிக்கும். இரண்டு நாள் உட்காரும்போதெல்லாம் என்னைத் திட்டுவீர்கள். இந்தக் கிருமி ஒன்று இரண்டாவதற்கே முப்பது மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொள்ளும் சோம்பேறி. அதனால் மருந்தும் இரத்தத்தில் வாரக்கணக்கில் இருந்தாக வேண்டும். தசையில் தங்கி, கொஞ்சம் கொஞ்சமாகக் கசிவதற்காகவே இதை இத்தனை கெட்டியாகச் செய்திருக்கிறார்கள்.

ஊசி போட்ட அன்றிரவு காய்ச்சலும் குளிரும் உடம்பு வலியும் வரலாம். கிருமிகள் கூட்டமாகச் சாவதால் வருவது அது, ஒரு நாளில் அடங்கிவிடும். பென்சிலின் ஒத்துக்கொள்ளவில்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். உண்மையான ஒவ்வாமை ஊசி போட்ட சில நிமிடங்களில் உடம்பெல்லாம் தடிப்பும் மூச்சுத்திணறலுமாக வரும். அதற்காகத்தான் அரை மணி நேரம் மருத்துவமனையிலேயே உட்கார வைக்கிறார்கள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து போய்விடாதீர்கள்.

இப்போது உங்கள் மனைவி. அவருக்கும் பென்சிலின்தான், வேறு மருந்து கிடையாது. கர்ப்பிணிக்கு இந்த நோய் இருந்து சிகிச்சை இல்லாமல் விட்டால், கிருமி நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போகும். குழந்தை வயிற்றிலேயே இறந்து பிறக்கலாம். குறைமாதத்தில் பிறக்கலாம். பிறந்த பிறகு எலும்பிலும் கண்ணிலும் ஈரலிலும் கோளாறு தெரியலாம். ஐந்தாம் மாதத்திலேயே தெரிய வந்தது அதிர்ஷ்டம். பிரசவத்துக்கு ஒரு மாதத்துக்கு முன்பாவது சிகிச்சை முடிந்திருக்க வேண்டும், உங்களுக்கு அதைவிட நிறைய நேரம் இருக்கிறது. ஒரு தடவை போதுமா, மூன்று வாரம் வாரத்துக்கொன்றாகப் போட வேண்டுமா என்பதை டாக்டர் முடிவு செய்வார். மூன்று என்றால் மூன்றும் போட்டாக வேண்டும், இரண்டோடு நின்றுவிடக் கூடாது. ஊசிக்குப் பிறகு வயிறு இறுக்கிப் பிடித்தாலோ குழந்தையின் அசைவு குறைந்தாலோ உடனே பிரசவ வார்டுக்குப் போகச் சொல்லுங்கள். குழந்தை பிறந்ததும் அதற்கும் இரத்தச் சோதனை உண்டு.

அவருக்கு ஊசி போட்டு முடித்து, நீங்கள் மட்டும் அப்படியே இருந்தால் என்ன ஆகும்? அடுத்த மாதமே உங்களிடமிருந்து கிருமி மறுபடி அவருக்குப் போகும். ஒரு முறை வந்தால் மறுமுறை வராது என்ற பாதுகாப்பு இந்த நோயில் கிடையாது. அம்மைக்கு அது உண்டு, இதற்கு இல்லை. எட்டாம் மாதத்தில் மறுபடி தொற்றினால், முதலில் போட்ட ஊசியை நம்பி யாரும் சந்தேகப்படக்கூட மாட்டார்கள். இதனால்தான் பதிலின் முதல் வரியிலேயே 'முடியாது' என்று சொன்னேன்.

எப்படிச் சொல்வது என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனால் கேட்க நினைத்தது அதைத்தான். நீங்கள் கதை எதுவும் கட்ட வேண்டாம். "உன் இரத்தத்தில் இருக்கும் கிருமி என்னிடமிருந்து வந்தது. எனக்கும் ஊசி போட வேண்டும். நானும் கூட வருகிறேன்." இவ்வளவு போதும். மிச்சத்தை அவர் கேட்பார், கேட்க வேண்டும்தானே. தனியாகச் சொல்லத் தைரியம் இல்லை என்றால் அரசு மருத்துவமனையில் எச்.ஐ.வி. சோதனை செய்யும் நம்பிக்கை மையத்தில் ஆலோசகர் இருக்கிறார், அவர் முன்னிலையில் சொல்லுங்கள். ஒன்று மட்டும் செய்யாதீர்கள்: 'உனக்குத்தான் முதலில் வந்தது' என்று அவர் தலையில் கட்டாதீர்கள். இரத்தச் சீட்டு முதலில் மனைவி கையில் வந்துவிட்டது என்பதற்காகவே குற்றவாளியாக்கப்பட்ட பெண்களை இந்தக் கடற்கரையில் நிறையப் பார்த்திருக்கிறேன். கர்ப்பிணிக்குத்தான் நாங்கள் தவறாமல் இரத்தம் எடுக்கிறோம், ஆண்களுக்கு எடுப்பதில்லை. அதனால்தான் சீட்டு அவர் பெயரில் முதலில் வருகிறது.

உங்களுக்கு இது வந்த வழியில் இருக்கும் மற்றவருக்கும் சொல்லியாக வேண்டும். அவர் பெண்ணாக இருந்தாலும் ஆணாக இருந்தாலும் எனக்கு ஒன்றுதான். கடந்த மூன்று மாதத்தில் உங்களோடு உறவு கொண்டவருக்குச் சோதனையில் 'இல்லை' என்று வந்தாலும் ஊசி போட்டுவிடுவதே வழக்கம். சோதனையில் தெரிவதற்கு நாள் பிடிக்கும் என்பதால்தான். எல்லோருக்கும் ஊசி போட்டு, உங்கள் தோலில் இருப்பதெல்லாம் ஆறும்வரை உறவு வேண்டாம். எடுக்கிற இரத்தத்திலேயே எச்.ஐ.வி. சோதனையும் செய்துகொள்ளுங்கள். இந்தப் புண் இருக்கும்போது எச்.ஐ.வி. நுழைவது எளிது.

கடலுக்குப் போகிற நாளைப் பார்த்து ஒத்திப்போடாதீர்கள். நாளை மறுநாள் படகு என்றால் நாளைக்கே போங்கள்.

கேள்வி: அஸ்ஸலாமு அலைக்கும் டாக்டரம்மா. ஆறு வருடங்களுக்கு முன் எனக்குச் சிபிலிஸ் வந்து மூன்று வாரம் பென்சிலின் போட்டுக்கொண்டேன். இப்போது துபாய் வேலைக்காக மருத்துவச் சோதனைக்குப் போனால் 'டி.பி.எச்.ஏ. பாசிட்டிவ்' என்கிறார்கள். அப்படியானால் அன்று போட்ட ஊசி வேலை செய்யவில்லையா? கல்யாணமும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். (கீழக்கரை)

பதில்: வ அலைக்கும் ஸலாம். ஊசி வேலை செய்திருக்கும். இரண்டு வகைச் சோதனைகள் இருப்பதுதான் உங்களைக் குழப்புகிறது. டி.பி.எச்.ஏ. என்பது 'இந்த உடம்பு எப்போதாவது இந்தக் கிருமியைச் சந்தித்திருக்கிறதா' என்று பார்ப்பது. ஒரு தடவை பாசிட்டிவ் ஆனால் பெரும்பாலானவர்களுக்கு ஆயுள் முழுக்கப் பாசிட்டிவ்தான். குணமாகிவிட்டதா என்று அது சொல்லாது. அதைச் சொல்வது வி.டி.ஆர்.எல். அல்லது ஆர்.பி.ஆர். சோதனை. அதில் ஓர் எண் வரும். 1-க்கு 32 என்று இருந்தது சிகிச்சைக்குப் பிறகு 1-க்கு 8 அல்லது அதற்கும் கீழே இறங்கினால் மருந்து பிடித்துவிட்டது என்று பொருள். சிலருக்கு 1-க்கு 1, 1-க்கு 2 என்று கடைசிவரை ஒட்டிக்கொண்டே இருக்கும், அது ஏறாமல் இருந்தால் போதும்.

ஆறு வருடத்துக்கு முந்தைய சீட்டுகளைத் தேடி எடுங்கள். ஊசி போட்ட தேதி, அப்போதைய எண், பிறகு பார்த்த எண். இன்று புதிதாக வி.டி.ஆர்.எல். அளவு பார்த்து, தோல் மற்றும் பால்வினை நோய் மருத்துவரிடம் 'முழுச் சிகிச்சை பெற்றவர், தற்போது நோய் இல்லை' என்று கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். சோதனை நிலையம் அதை ஏற்குமா என்பதை நான் சொல்ல முடியாது. அவர்களுடையது வேலைக்கு ஆள் எடுக்கும் கணக்கு, மருத்துவக் கணக்கு வேறு. கல்யாணத்துக்கு இதில் தடை ஒன்றும் இல்லை. இன்றைய அளவு தாழ்வாக இருந்து, இடையில் புதிதாகத் தொற்றவில்லை என்றால் உங்களிடமிருந்து யாருக்கும் எதுவும் போகாது. சிகிச்சைக்குப் பின் ஆறாம் மாதமும் பன்னிரண்டாம் மாதமும் இரத்தம் கொடுத்துச் சீட்டைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும் என்று நாங்கள் பிடிவாதமாகச் சொல்வது இந்த மாதிரி நாளுக்காகத்தான். தங்க நகைச் சீட்டைப் பூட்டி வைக்கிறவர்கள் இரத்தச் சீட்டில் வெற்றிலை மடிக்கிறார்கள்.

கேள்வி: வயது 26, திருமணம் ஆகவில்லை. சிறுநீர் போகும்போது எரிச்சல், காலையில் உள்ளாடையில் சீழ் போலக் கறை. உடம்புச் சூடு என்று அப்பத்தா சீரகத் தண்ணீரும் இளநீரும் கொடுத்தார். பிறகு மெடிக்கலில் வேலை செய்யும் நண்பன் சிப்ரோஃப்ளாக்சசின் கொடுத்தான். மூன்று நாளில் குறைந்தது, நிறுத்திவிட்டேன். பத்து நாளில் மறுபடி வந்துவிட்டது. லாட்ஜில் தங்கி வைத்தியம் பார்க்கும் ஒருவர் 18,000 ரூபாய்க்கு லேகியமும் பஸ்பமும் எழுதியிருக்கிறார். வாங்கலாமா? (தொண்டி)

பதில்: அந்த 18,000 ரூபாயை அப்பத்தாவிடம் கொடுத்து வையுங்கள். அவர் கொடுத்த இளநீர் எந்தக் கெடுதலும் செய்யவில்லை, சொல்லப்போனால் உங்கள் வைத்தியர்கள் மூவரில் அவர்தான் யோக்கியர்.

சீழ் வருவது சூட்டினால் இல்லை. இது பெரும்பாலும் கொனோரியா, இங்கே வெட்டை என்பார்கள். உறவுக்குப் பிறகு இரண்டு நாள் முதல் ஒரு வாரத்துக்குள் சீழும் எரிச்சலும் வரும். இதோடு கிளமிடியா என்ற இன்னொரு கிருமியும் சேர்ந்தே இருப்பது வழக்கம். அது சத்தம் போடாதது, வருவதும் ஒரு வாரம், மூன்று வாரம் கழித்துத்தான். அதனால் நாங்கள் இரண்டுக்கும் சேர்த்தே மருந்து கொடுக்கிறோம். உங்கள் நண்பன் கொடுத்த மாத்திரை ஒரு காலத்தில் நன்றாக வேலை செய்ததுதான். இன்று நம் நாட்டில் கொனோரியா கிருமி அதைச் சட்டை செய்வதே இல்லை. கிருமி அரைகுறையாக அடிபட்டுப் பிழைத்துக்கொண்டது. மெடிக்கலில் கேட்டு மூன்று நாள் மாத்திரை வாங்கிச் சாப்பிட்டுச் சாப்பிட்டே உலகம் முழுக்க இந்தக் கிருமிக்கு மருந்துகளை ஒவ்வொன்றாகக் கெடுத்துவிட்டார்கள். இப்போது உறுதியாக நம்பக்கூடியது செஃப்ட்ரயாக்ஸோன் ஊசி ஒன்றுதான் என்ற நிலைக்கு வந்திருக்கிறோம்.

அரசு மருத்துவமனைக்குப் போங்கள். அங்கே நோய்க்குறிக்கு ஏற்ப வண்ணம் பிரித்து மருந்துப் பொட்டலங்கள் வைத்திருக்கிறார்கள். சீழுக்குச் சாம்பல் நிறம், புண்ணுக்கு வெள்ளை, பெண்களின் வெள்ளைப்படுதலுக்குப் பச்சை, அடிவயிற்று வலிக்கு மஞ்சள். சாம்பல் பொட்டலத்தில் செஃபிக்ஸிம் 400 மில்லிகிராமும் அசித்ரோமைசின் 1 கிராமும் இருக்கும், ஒரே வேளையில் டாக்டர் எதிரிலேயே விழுங்கிவிடலாம். காசு கிடையாது. உங்களுக்கு ஒரு முறை மாத்திரை சாப்பிட்டும் திரும்பி வந்திருப்பதால், சீழை எடுத்துச் சோதிக்கச் சொல்லியும், ஊசி தேவையா என்றும் கேளுங்கள். சிப்ரோ சாப்பிட்டதை மறைக்காமல் சொல்லுங்கள்.

கிளமிடியாவுக்கு டாக்ஸிசைக்ளின் எழுதினால் 100 மில்லிகிராம், காலை ஒன்று இரவு ஒன்று, ஏழு நாள். கடலுக்குப் போகிறவர்களும் உப்பளத்தில் நிற்கிறவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். இந்த மாத்திரை சாப்பிடும் நாட்களில் வெயில் பட்டால் தோல் கன்றிச் சிவந்துவிடும். முழுக்கைச் சட்டை, தலைக்குத் துண்டு. மாத்திரையை ஒரு மடக்குத் தண்ணீரில் விழுங்கிவிட்டு உடனே படுத்தால் தொண்டைக்குக் கீழே ஒட்டிக்கொண்டு புண்ணாக்கும். ஒரு தம்ளர் தண்ணீர் முழுக்கக் குடித்து, அரை மணி நேரமாவது நிமிர்ந்து இருங்கள். பாலோடும், இரும்புச்சத்து, சுண்ணாம்புச்சத்து மாத்திரைகளோடும் சேர்த்து வேண்டாம். கர்ப்பிணிகளுக்கு இந்த மருந்து ஆகாது.

உங்கள் கடிதத்தில் அந்தப் பெண்ணைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. இது உங்களுக்குத் தானாக முளைக்கவில்லை, தம்பி. அவருக்கு எரிச்சல்கூட இல்லாமல் இருக்கலாம். கிருமி கருப்பைக்கும் கருக்குழாய்க்கும் ஏறிக்கொண்டிருக்கும், ஆனால் வெளியே ஒன்றும் தெரியாது. அவரிடம் சொல்லி மருந்து சாப்பிட வையுங்கள். இருவரும் மருந்தை முடித்து ஏழு நாள் ஆகும்வரை சேராதீர்கள்.

கேள்வி: என் கணவர் கேரளாவில் படகில் இருக்கிறார். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வருவார். வெள்ளைப்படுதலும் நாற்றமும் அடிவயிற்று வலியும் என்று மூன்று தடவை மாத்திரை வாங்கிவிட்டேன். சாப்பிட்டால் சரியாகிறது. அவர் வந்துபோனால் மறுபடி வருகிறது. 'எனக்கு ஒன்றும் இல்லை, நான் ஏன் மருந்து சாப்பிட வேண்டும்' என்கிறார். முதல் குழந்தைக்கு ஐந்து வயது. இரண்டாவது தங்கவில்லை. மாமியார் கோயில் கோயிலாக அழைத்துப் போகிறார். (மண்டபம்)

பதில்: நீங்களே விடையை எழுதிவிட்டீர்கள், தாயே: 'அவர் வந்துபோனால் மறுபடி வருகிறது.' இதற்கு மேல் நான் படித்துப் பட்டம் வாங்கிச் சொல்ல என்ன இருக்கிறது?

அவர் 'எனக்கு ஒன்றும் இல்லை' என்பது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. டிரைக்கோமோனாஸ் என்று ஓர் ஒட்டுண்ணி, நுரைத்த, நாற்றமுள்ள வெள்ளைப்படுதலைக் கொடுப்பது. ஆண்களில் பெரும்பாலானவர்களுக்கு அது இருக்கும் அடையாளமே தெரியாது. கிளமிடியாவும் அப்படித்தான். அவருக்குத் தெரியாது என்பதும் அவரிடம் இருக்கிறது என்பதும் இரண்டும் உண்மையாக இருக்கலாம். நீங்கள் மட்டும் மாத்திரை சாப்பிடுவது, ஓட்டை வள்ளத்தில் ஓட்டையை அடைக்காமல் ஒருவர் மட்டும் தண்ணீர் இறைத்துக்கொண்டிருப்பது மாதிரி. கை ஓய்ந்துவிடும், தண்ணீர் குறையாது.

ஆனால் ஒரு எச்சரிக்கை. எல்லா வெள்ளைப்படுதலும் உறவால் வருவதில்லை. பூஞ்சையாலும் வரும், பிறப்புறுப்பில் இயல்பாக இருக்கும் நல்ல கிருமிகள் குறைந்தாலும் வரும். மூன்று தடவை பரிசோதனை இல்லாமலே மாத்திரை வாங்கியிருக்கிறீர்கள் என்று தெரிகிறது. இந்த முறை கூச்சப்படாமல் பெண் டாக்டரிடம் உள்ளே பார்த்துப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். கசிவை எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தால் டிரைக்கோமோனாஸ் நீந்துவதே தெரியும். இருந்தால் மெட்ரோனிடசோல் 500 மில்லிகிராம், காலையும் இரவும் ஏழு நாள். அவருக்கும் மெட்ரோனிடசோல்தான், ஆண்களுக்கு 2 கிராம் ஒரே வேளையில் கொடுத்து முடிப்பது உண்டு. வாயில் இரும்புச் சுவை தட்டும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அடிவயிற்று வலியை நான் லேசாக விடமாட்டேன். கிளமிடியாவோ கொனோரியாவோ கருக்குழாய்க்கு ஏறினால் உள்ளே தழும்பு விழும். தழும்பு விழுந்த குழாயில் கரு போகாது. போனாலும் நடுவழியில் தங்கிக் குழாயிலேயே வளர்ந்து உயிருக்கு ஆபத்தாகும். முதல் குழந்தை சுலபமாகப் பிறந்து இரண்டாவது தங்காமல் இருக்கும் பெண்களிடம் இதையும் ஒரு காரணமாகத் தேட வேண்டும். மாமியாரோடு கோயிலுக்குப் போங்கள், வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வழியில் மகப்பேறு மருத்துவரிடமும் ஒரு தடவை இறங்கிவிடுங்கள். தாங்க முடியாத வலியோ காய்ச்சலோ மாதவிடாய் தள்ளிப்போய் வலியோ வந்தால் காத்திருக்காதீர்கள்.

கணவரிடம் சண்டையாகத் தொடங்காதீர்கள். 'நீ எங்கே போனாய்' என்று ஆரம்பித்தால் பேச்சு அங்கேயே நின்றுவிடும், மாத்திரைக்கு வரவே வராது. 'இருவரும் ஒரே நாளில் சாப்பிட்டால்தான் எனக்குக் குணமாகும் என்று டாக்டர் சொல்கிறார், இல்லாவிட்டால் அடுத்த குழந்தைக்கு வழியில்லை' என்று சொல்லுங்கள். இது உண்மையும்கூட. பழியை என்மேல் போடுங்கள், எனக்குப் பழக்கம்தான். அவர் ஊருக்கு வந்து இறங்கிய அன்றே, சேர்வதற்கு முன், இருவரும் ஒன்றாகப் போய் மருந்தை வாங்கித் தொடங்குங்கள். ஏழு நாள் விலகியிருங்கள். முடியாது என்றால் ஆணுறை கட்டாயம். மூன்று மாதம் கழித்து நீங்கள் மறுபடி ஒரு சோதனை செய்துகொள்ள வேண்டும்.

நம் பக்கத்தில் படகு ஓட்டுகிற குடும்பங்களுக்கு இன்னொரு வசதி உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். வலை பின்னவும் படகுக்கு வர்ணம் அடிக்கவும் ஆண்கள் வீட்டில் இருக்கும் நாட்கள். ஏழு நாள் மருந்தும் ஏழு நாள் விலக்கமும் அதற்குள் தாராளமாக முடியும். கடலில் இருக்கும்போது ஐந்தாம் நாள் மாத்திரையை மறந்துவிட்டேன் என்ற சாக்குக்கும் இடமிருக்காது. (உடனே யாரும் இதைக் கடல்காரர் நோய் என்று சொல்லிவிட வேண்டாம். அலுவலகத்தில் ஃபேன் கீழ் உட்காருகிறவர்களும் கல்லூரிக்குப் போகிறவர்களும் இதே புண்ணோடும் இதே சீழோடும்தான் வருகிறார்கள். அவர்கள் மதுரைக்குப் பஸ் ஏறிப்போய்க் காட்டுவதால் நம் கண்ணில் படுவதில்லை.)

அவர் கேட்க மறுத்தாலோ, கைநீட்டுவார் என்ற பயம் இருந்தாலோ தனியாகப் போராட வேண்டாம். ஆலோசகரிடம் அதையும் சொல்லுங்கள். பெண்கள் உதவி எண் 181.

கேள்வி: பாசி எடுக்கப் போகிறேன். தொடை இடுக்கில் அரிப்பும் கருப்பும். இது அந்த நோயா? (சின்னப்பாலம்)

பதில்: அந்த நோய் இல்லை, தாயே. மணிக்கணக்காகக் கடல் நீரில் நின்று, ஈரச் சேலையோடும் மேல்சட்டையோடும் வீடு வரை வந்தால் தொடை இடுக்கில் பூஞ்சைப் படை வரத்தான் செய்யும். கரை ஏறியதும் நல்ல தண்ணீரில் கழுவி, உலர்ந்த பருத்தித் துணி மாற்றுங்கள். நல்ல தண்ணீருக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள், ஒரு குடம் அதற்கென்று ஒதுக்குங்கள். மருந்துக்கடையில் 'அரிப்புக்கு' என்று கேட்டால் மூன்று மருந்து கலந்த களிம்பு ஒன்றை நீட்டுவார்கள். அதில் ஸ்டீராய்டு இருக்கும். அரிப்பு இரண்டு நாளில் நிற்கும், படை பத்து மடங்காகும், தோல் மெலிந்து வரிவரியாகும். வேண்டவே வேண்டாம். பிறப்புறுப்பின் உள்ளே டெட்டாலோ சோப்போ போட்டுக் கழுவாதீர்கள். திரும்பத் திரும்ப வந்தால் சர்க்கரை பாருங்கள்.

கேள்வி: இராமேசுவரத்தில் லாட்ஜ் கழிப்பறையைப் பயன்படுத்தினேன், 22 தீர்த்தங்களிலும் குளித்தேன். இதனால் பால்வினை நோய் வருமா? (பரமக்குடி)

பதில்: வராது. கழிப்பறையும் தீர்த்தமும் தலைமுறை தலைமுறையாக இந்தப் பழியைச் சுமந்துகொண்டிருக்கின்றன. சிபிலிஸ், கொனோரியா கிருமிகள் உடம்புக்கு வெளியே நின்று பிழைக்கத் தெரியாதவை. உங்களுக்கு ஏதாவது அறிகுறி இருந்தால் காரணத்தை வேறு இடத்தில் யோசியுங்கள்.

கேள்வி: எங்கே போவது? எங்கள் ஊர் நர்ஸ் அம்மாவுக்குத் தெரிந்தால் தெருவுக்கே தெரியும். (தேவிபட்டினம்)

பதில்: உங்கள் ஊர் நர்ஸ் அம்மா உங்களைவிட அதிக ரகசியங்களை வயிற்றில் வைத்திருக்கிறார், அவரை நம்பலாம். மனம் ஒப்பவில்லை என்றால் இராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ மதுரை அரசு இராசாசி மருத்துவமனைக்கோ போங்கள், அங்கே உங்களை யாருக்குத் தெரியப்போகிறது? வெளிநோயாளிச் சீட்டு வாங்கும் வரிசையில் உரக்கச் சொல்ல வேண்டியதில்லை. 'தோல் டாக்டர்' என்றால் போதும், அல்லது சுகவாழ்வு மையம் எங்கே என்று கேளுங்கள். பால்வினை நோய்க்கான இலவச மையத்துக்கு நம் மாநிலத்தில் அதுதான் பெயர். எச்.ஐ.வி. சோதனைக்கு நம்பிக்கை மையம். போகும் முன் யாரிடமாவது பேசிப் பார்க்க வேண்டும் என்றால் 1097-க்குக் கூப்பிடுங்கள், கட்டணம் இல்லை. ஆணுறையும் இந்த மையங்களில் இலவசம்தான், கேட்டு வாங்குங்கள்.

கூட அழைத்துப் போக வேண்டியவரை அழைத்துப் போங்கள். பழைய சீட்டையும், மெடிக்கலில் வாங்கிச் சாப்பிட்ட மாத்திரையின் காலி அட்டையையும் எடுத்துக்கொள்ளுங்கள். 'வெள்ளையாக, நீளமாக ஒரு மாத்திரை' என்று சொன்னால் எங்களுக்கு எதுவும் விளங்காது.